ஏறினதா, ஏத்தினதா?

சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலையை விடப்போவதாகச் சொன்னார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் ஏற்கெனவே தண்ணீர் நின்றது. அதைப் பார்த்துவிட்டு, "சந்தோஷம்தானே?" என்று வேறு கேட்டார்.

அவருக்கு ஓர் அச்சகத்தில் வேலை, காகிதம் வெட்டும் மெஷினில். பத்தொன்பது வருஷமாகிறது. இப்போது அங்கே ஆள் குறைக்கிறார்கள். தானாக விலகுகிறவர்களுக்குப் பத்து மாதச் சம்பளத்தை மொத்தமாகக் கொடுத்து அனுப்புகிறார்களாம். திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் போட்டதுதான். மறுநாள் மனசு மாறி வாசலில் போய் நின்றால் காவலாளிகூட உள்ளே விட மாட்டான்.

"அப்புறம் சோத்துக்கு என்ன பண்றதாம்?"

"ஷேர் இருக்குல்ல?"

கத்தியைக் கீழே வைத்தேன். கையில் கத்தியோடு பேசக் கூடாத பேச்சுகள் சில உண்டு.

ஒன்றரை வருஷமாக எங்கள் வீட்டில் இந்த ஷேர் புராணம்தான். மெஷினில் பக்கத்தில் நிற்கிற பைண்டர் ஏதோ சொல்லப்போக, இவர் சேர்த்து வைத்திருந்த போனஸ் பணம் ஒரு லட்சத்தைப் போட்டு ஆரம்பித்தார். பிறகு மாதாமாதம் ஐயாயிரம். காலையில் பல் தேய்க்கும்போது போனைப் பார்ப்பார். சாப்பிடும்போது பார்ப்பார். பத்தாம் வகுப்பு படிக்கிற மகள் மார்க் ஷீட்டை நீட்டினால், "இரும்மா, சந்தை முடியட்டும்" என்பார். சந்தை என்ன இவரைக் கேட்டுக்கொண்டா முடிகிறது?

"எவ்வளவு லாபம், தெரியுமா?" என்று நோட்டைக் கொண்டுவந்து வெங்காயத் தோலுக்குப் பக்கத்திலேயே விரித்தார். மகளின் பழைய கணக்கு நோட்டு. அதில் கோடு போட்டு அழகாக எழுதியிருந்தார். எழுத்து என்னவோ முத்து முத்தாகத்தான் இருக்கும்.

"ஆரம்பத்துல போட்டது ஒரு லட்சம். அப்புறம் பதினெட்டு மாசம், மாசம் அஞ்சாயிரம். அது தொண்ணூறாயிரம். ஆக மொத்தம் போட்டது ஒண்ணு தொண்ணூறு. இன்னைக்கு எவ்வளவு இருக்கு பாரு." போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். மூன்று லட்சத்து முப்பத்திரண்டாயிரம். "ஒரு லட்சத்து நாப்பத்திரெண்டாயிரம் ஏறியிருக்கு! எழுபத்தஞ்சு சதவீதம்! மாசத்துக்குக் கிட்டத்தட்ட எட்டாயிரம், நான் சும்மா உக்காந்திருக்க உக்காந்திருக்க!"

"சரி, இருக்கட்டும்."

"இப்ப அச்சகத்துல குடுக்கப்போறது ரெண்டு எண்பது. அதையும் இதுல சேர்த்தா ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். அதுக்கு எழுபத்தஞ்சு சதவீதம் போட்டு, பதினெட்டு மாசத்துக்குப் பிரிச்சா, மாசம் இருபத்தஞ்சாயிரத்து ஐந்நூறு. என் சம்பளமே இருபத்தெட்டுதான். ரெண்டாயிரத்து ஐந்நூறுதான் இடிக்குது. அதுக்காக அந்த ஃபோர்மேன் மூஞ்சில தினமும் முழிக்கணுமா?"

கூட்டல் சரி. வகுத்தல் சரி. சதவீதம் சரி. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கேயாவது தப்பாகக் கூட்டியிருந்தால் கையோடு பிடித்திருப்பேன்.

போனை வாங்கிப் பார்த்தேன். மூன்று முப்பத்திரண்டு என்று பெரிதாக இருந்த எண்ணுக்குக் கீழே, சின்ன எழுத்தில் வேறு ஒன்று இருந்தது. போட்ட பணம்: மூன்று லட்சத்து இருபத்தாறாயிரம். லாபம்: ஆறாயிரம். ஒன்று புள்ளி எட்டு சதவீதம்.

"இது என்னங்க? இதுல லாபம் ஆறாயிரம்னு போட்டிருக்கே?"

"அட, அது ஒரு தண்டம். லாபம் வர வர அதையே எடுத்துத் திரும்பப் போட்டுக்குது. அப்புறம் அதையும் போட்ட பணத்துல சேர்த்துக் காட்டுது. புதுசாப் பார்க்கிறவங்களுக்குக் குழப்பமாத்தான் இருக்கும். போட்டது எவ்வளவுன்னு ஆப்புக்கா தெரியும், போட்டவனுக்கா தெரியும்?"

என் காதில் நன்றாகப் பூச்சுற்றியாகிவிட்டது, மாலையாகவே போட்டிருக்கலாம். ஆனால் எனக்கு ஷேர் தெரியாது. தெரியாத விஷயத்தில் வாயைத் திறந்தால், "உனக்கு என்ன தெரியும்?" என்று ஒரு வார்த்தை வரும். அதற்கு நான் ஒரு வார்த்தை சொல்வேன். அன்று ராத்திரி யாரும் சாப்பிட மாட்டோம். அதனால் வெங்காயத்துக்கே திரும்பினேன்.

அவர் விடவில்லை. "நீயும் இந்த ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் எல்லாம் விட்டுடு. நாள் பூரா அந்தத் தகரக் கூண்டுல உக்காந்து நீ என்னத்தைச் சம்பாதிக்கிற? சந்தை ஒரே நாள்ல குடுத்துடும்."

சுருக்கென்று இருந்தது.

நான் பழைய இரும்புக் கிடங்கில் தகரக் கூண்டில் உட்கார்ந்து எடைமேடை பார்க்கிறேன். வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. லோடு ஏற்றிய லாரி மேடையில் ஏறும், எடை எழுதுவேன். இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வரும், அதையும் எழுதுவேன். கழித்தால் சரக்கு எடை. கிடங்கு முதலாளி அதற்குத்தான் பணம் கொடுப்பார். இதில் டிரைவர்கள் செய்யாத தில்லுமுல்லு இல்லை. லோடோடு வரும்போது கிளீனரும் அவன் மச்சானும் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார்கள். வெறும் வண்டி எடை போடும்போது ரெண்டு பேரும் டீ குடிக்கப் போயிருப்பார்கள். நூற்று முப்பது கிலோ மனுஷனை இரும்பு விலைக்கு விற்றாயிற்று. அதனால் சரக்கு எடை வழக்கத்தைவிட அதிகம் காட்டினால் நான் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்ப்பதில்லை. எழுந்து போய் வண்டிக்குள் எட்டிப் பார்ப்பேன். "எடை ஏறல தம்பி, ஆள் ஏத்தியிருக்கே. இறக்கு" என்பேன். பதினொரு வருஷமாக இதே வசனம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூண்டில் உட்கார்ந்து அந்த வசனத்தை ஒரு டிரைவரிடம் சொன்னேன். சொன்ன வாய் மூடவில்லை. சட்டென்று உறைத்தது.

ஏறியிருக்கு, ஏறியிருக்கு என்று இந்த மனுஷன் ஒன்றரை வருஷமாகக் குதிக்கிறாரே, ஏறினதா, ஏத்தினதா?

அதற்குமேல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரிசையில் ஒன்பது லாரி. கூண்டுக்குள் வெயில். பெண்களுக்கான கழிப்பறை கிடங்கின் அந்தக் கோடியில் இருக்கிறது. வரிசை நிற்கும்போது எழுந்து போக முடியாது என்று பாதி நாள் நான் தண்ணீரே குடிப்பதில்லை. ரெண்டு தடவை சிறுநீரகத்தில் கல் வந்து துடித்தேன். அன்றும் குடிக்காமல் ஒன்பதையும் அனுப்பினேன். மூன்று மணிக்கு மாற்று ஆள் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நேரே பேங்குக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பேங்க் பூட்டியிருக்கும். ஆனால் வாசலில் பாஸ்புக் அச்சடிக்கிற மெஷின் உண்டு. இவர் ஷேருக்குப் பணம் எடுப்பது எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிற பழைய கணக்கிலிருந்து என்று எப்போதோ சொல்லியிருந்தார். மாதம் எட்டாம் தேதி சம்பளக் கணக்கிலிருந்து ஐயாயிரத்தை அதற்கு மாற்றிவிடுவார். அங்கிருந்து அது தானாகப் போய்விடும்.

அந்தக் கணக்கில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. கிடங்கில் மாதச் சம்பளம் ஒரு கம்பெனி கொடுக்கிறது, ஓவர்டைமை வேறு காண்ட்ராக்டர் கொடுக்கிறார். தனிக் கணக்கு எண் கேட்டார்கள். நான் இந்தப் பழைய கணக்கைக் கொடுத்திருந்தேன். வீட்டுச் செலவோடு கலக்காமல் ஒரு மூலையில் சேரட்டும் என்று நினைத்தேன். மாதம் ஏழாயிரம், எட்டாயிரம் சேரும். பதினெட்டு மாத ஓவர்டைம் சீட்டையும் கூட்டி வைத்திருந்தேன். ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரம். இவரிடம் சொன்னதில்லை. இவருக்குத் தெரிந்தால் அதையும் ஷேரில் போடுவார் என்ற பயம்தான். அவர் ஐயாயிரம் வந்த வேகத்தில் போய்விடும், என்னுடையது பத்திரமாகக் கிடக்கும் என்று இருந்தேன்.

மெஷின் பாஸ்புக்கை விழுங்கிவிட்டுக் கரகரவென்று அடித்தது. பக்கம் திருப்பச் சொன்னது, திருப்பினேன். மறுபடியும் அடித்தது. வெளியே வந்ததும் கடைசி வரியைத்தான் முதலில் பார்த்தேன்.

இருப்பு: ஆயிரம்.

ஆயிரமா? எவனோ திருடிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏமாற்றுக்காரன் எவனோ, லிங்க் அனுப்புகிறவன் எவனோ. மெஷின் பக்கத்துச் சுவரில் சாய்ந்தபடியே வரி வரியாகப் படித்தேன். எட்டாம் தேதி வரவு ஐயாயிரம். ஒன்பதாம் தேதி வரவு ஏழாயிரத்து இருநூறு. பத்தாம் தேதி பற்று பன்னிரண்டாயிரத்து இருநூறு. பற்றுக்குப் பக்கத்தில் ஷேர் கம்பெனியின் பெயர். இருப்பு ஆயிரம். அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும். பதினெட்டுப் பத்தாம் தேதிகள்.

திருடன் எங்கேயும் போகவில்லை. வீட்டில் லுங்கி கட்டிக்கொண்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் உள்ளே நுழைந்தபோது என் நாத்தனார் வந்திருந்தார். இவருக்கு அக்கா. தம்பி எதைச் செய்தாலும் கைதட்டுகிற ஜாதி. "வாம்மா, எழுபத்தஞ்சாமே! என் பேங்க்காரன் ஏழு குடுக்கவே மூக்கால அழறான்" என்றார்.

"அண்ணி, ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு டி.வி.யை அணைத்தேன்.

"என்னம்மா இது, முக்கியமான செய்தி ஓடுது" என்றார் இவர்.

"இதைவிட முக்கியமான செய்தி இருக்கு. ஷேர் ஆப்ல ஆரம்பத்துல ஏதாவது டிக் பண்ணீங்களா? பத்தாம் தேதியானா பணத்தை எடுத்துக்கன்னு?"

"ஆமா. ஆயிரத்துக்கு மேல இருக்கிறதை எல்லாம் எடுத்துப் போட்டுக்கன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. நான் போடுறதே அஞ்சாயிரம்தான். அந்தச் செத்த கணக்குல வேற என்ன இருக்கு?"

பாஸ்புக்கை விரித்து அவர் மடியில் போட்டேன்.

"ஒன்பதாம் தேதியை மட்டும் படிங்க. சத்தமா."

"ஏழாயிரத்து இருநூறு. எட்டாயிரத்து நூறு. ஏழாயிரத்து அறுநூறு... இது யாரு போடுறது?"

"யாருன்னு நினைக்கிறீங்க? சந்தையா வந்து போட்டுட்டுப் போகுது? என் ஓவர்டைம்!"

"உன் ஓவர்டைம் உன் சம்பளக் கணக்குல இல்ல வரும்?"

"நான் சொல்லல. அது என் தப்பு. ஆனா மாசாமாசம் வரவு வந்தது, போனதுன்னு பேங்க் மெசேஜ் அனுப்பியிருப்பானே? உங்க போன்ல தொள்ளாயிரம் மெசேஜ் படிக்காமக் கிடக்கு. சந்தையை நிமிஷத்துக்கு ஒரு தரம் பாக்கத் தெரியுது, இதைப் பாக்கத் தெரியல!"

அவர் தனக்குப் பழக்கமான இடத்துக்கே போனார். "இரு இரு. அதனால என்ன? அதுவும் சேர்ந்துதான் வளர்ந்திருக்கு. எழுபத்தஞ்சு சதவீதம் எங்க போகும்?"

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன். பையைத் திறந்து எடைச்சீட்டு ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் எழுதினேன்.

"இந்தாங்க. லோடு வண்டி மூணு முப்பத்திரெண்டு. சரியா? இப்ப வெறும் வண்டி சொல்லுங்க. நீங்க போட்டது?"

"ஒண்ணு தொண்ணூறு."

"நான் போட்டது ஒண்ணு முப்பத்தாறு. ரெண்டையும் கூட்டுங்க."

அவர் உதடு அசைந்தது. மனுஷன் கூட்டலில் புலி. "மூணு இருபத்தாறு" என்றார். சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். அந்த எண்ணை அவர் தினமும் பார்க்கிறார். பல் தேய்க்கும்போது, சாப்பிடும்போது, சின்ன எழுத்தில்.

"ஆப்பு சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார் மெதுவாக.

"சொல்லியிருக்கு. பதினெட்டு மாசமா சொல்லியிருக்கு. அதுக்குப் பாடம் எடுத்தவரு நீங்க. ஆறாயிரம்தாங்க லாபம். மூணேகால் லட்சத்தைச் சும்மா பேங்க்ல போட்டிருந்தாக்கூட இதைவிட வந்திருக்கும். ஒண்ணும் ஏறல. நாமதான் ஏத்தியிருக்கோம்."

"அப்ப மாசம் எட்டாயிரம்..."

"நான்தான்! உங்க எட்டாயிரம் நான்தான்! நீங்க சும்மா உக்காந்திருக்கறப்போ உங்களுக்குக் குடுத்தது சந்தை இல்ல, நான்! ஊர்ல யாரைப் பார்த்தாலும் சந்தை குடுத்துச்சு, சந்தை குடுத்துச்சுன்னு சொன்னீங்களே, அது ஞாயித்துக்கிழமை தகரக் கூண்டுல தண்ணிகூடக் குடிக்காம உக்காந்திருந்துச்சு!"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்த சத்தம் கேட்டது. கேட்கட்டும் என்று இருந்தேன்.

நாத்தனார் பாஸ்புக்கை எடுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஒன்பதாம் தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பாவம், இந்த அம்மாவிடம் கெட்ட எண்ணம் கிடையாது. மனசில் பட்டதைக் கேட்டுவிடுவார், அவ்வளவுதான்.

"ஏம்மா, இவ்வளவு காசு இவனுக்குத் தெரியாமச் சேர்த்திருக்கியே, எதுக்கு?"

சொல்லும் உத்தேசம் எனக்கு இல்லை. கோபத்தில் பாதி தூரம் வந்தவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"வேலையை விடறதுக்கு."

"யாரு?"

"நான்தான் அண்ணி. நாலு லட்சம் சேர்ந்ததும் நின்னுடலாம்னு இருந்தேன். ரெண்டு தடவை கல்லு வந்துச்சு. டாக்டர் தண்ணி குடின்னாரு. அந்த வேலைல இருந்துக்கிட்டுத் தண்ணி குடிக்க முடியாது. நாலு லட்சத்தை வச்சுக்கிட்டு வீட்டுப் பக்கத்துலயே ஏதாவது பாத்துக்கலாம்னு. இன்னும் மூணு வருஷம் ஓட்டினாப் போதும்னு கணக்கு."

மகள் உள்ளறையிலிருந்து வந்து கதவருகில் நின்றாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் அவர்.

"எங்க சொல்றது? நீங்க முந்திக்கிட்டீங்களே."

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. ஃபோர்மேன் எல்லார் முன்னாலும் திட்டிய நாளில்கூட அவர் அப்படி வரவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே என்று அதற்கும் ஆத்திரம் வந்தது. ஒன்றரை வருஷம் நானும்தானே பாஸ்புக்கைத் திறக்காமல் இருந்தேன். ஊரான் லாரியையெல்லாம் ரெண்டு தடவை நிறுக்கிறவள், சொந்தக் காசை ஒரு தடவை எட்டிப் பார்த்தேனா?

அன்று ராத்திரி நோட்டை எடுத்து, போட்டது என்ற பத்திக்குப் பக்கத்தில் இன்னொரு பத்திக்குக் கோடு போட்டார். "மாச மாசமாச் சொல்லு" என்றார். சொன்னேன். பதினெட்டையும் எழுதிக் கூட்டி, சதவீதத்தை அடித்துவிட்டு ஒன்று புள்ளி எட்டு என்று எழுதினார். அந்தக் கட்டத்து டிக்கையும் எடுத்துவிட்டார். கையெழுத்துப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி கத்துவேன் என்று எனக்கே தெரியும்.

திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரும் கிளம்பினோம். பதினொன்றரையிலிருந்து நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு டிரைவரின் சீட்டில் தப்பான வண்டி எண் எழுதி, அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷம் கழித்துப் போன் வந்தது.

"போடல" என்றார். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"சரி."

"பைண்டர் போட்டுட்டான். எழுபத்தஞ்சு சதவீதம்னு நான் சொன்னதை நம்பித்தான் போட்டேங்கிறான். பத்து மணிக்கே போட்டுட்டானாம். நான் அவன்கிட்டச் சொல்றதுக்குள்ள..."

பைண்டருக்கு மூன்று பெண்கள்.

"என்ன பண்றதுன்னு தெரியலம்மா" என்றார். "அவனுக்கு ஓவர்டைம் பண்ண யாரும் இல்ல."

மேடையில் ஏறி நின்ற லாரி ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று அடித்தது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே எடையை எழுதினேன்.